தண்ணீர் புரளும் நாட்கள்

லஸ்கர் அண்ணாச்சி எந்தக் காரியத்தையும் “நமக்கு என்னத்துக்கு?” என்று சொல்லித்தான் தொடங்குவார். சொன்ன வாய் மூடுவதற்குள் அந்தக் காரியத்தைச் செய்ய எழுந்து போய்விடுவார். முகத்தில் மட்டும் அந்தச் சலிப்பு அப்படியே இருக்கும். செய்து முடித்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும் இருக்கும்.

அணையின் மதகைத் திறந்து மூடுவது, கரையில் முள் மண்டாமல் பார்த்துக்கொள்வது, தினமும் நீர்மட்டம் பார்த்துச் சொல்வது, இதற்கெல்லாம் இருக்கிற ஆளுக்கு எங்கள் அலுவலகத்தில் லஸ்கர் என்று பெயர். அவர் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. இன்ஜினீயர் முதல் அணைக்கு மேய்ச்சலுக்கு மாடு பத்தி வருகிறவர் வரை எல்லோருக்கும் அவர் லஸ்கர் அண்ணாச்சிதான். அதனால் நானும் இங்கே பெயரைச் சொல்லப்போவதில்லை.

நான் அப்போது தென்காசியில் எங்கள் பிரிவு அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். அது நடந்து இப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் இருக்கும். மேலகரத்தில் வீடு. காலையில் மகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, மாமியாருக்கு மாத்திரை எடுத்து வைத்துவிட்டு, ஒரு கையில் சாப்பாட்டுப் பையோடு அலுவலகத்துக்கு ஓடி வந்து உட்காரும்போதே உடம்பு ஓய்ந்து போயிருக்கும். சரியாக எட்டரைக்குப் போன் அடிக்கும். மலையடிவாரத்தில் இருக்கிற எங்கள் சின்ன அணையிலிருந்து அவர்தான்.

“மேடம், எழுதிக்கிடுங்க. நீர்மட்டம் இருவத்திரெண்டு அடி. வரத்து இல்ல. வெளியேத்தம் இல்ல. மழ இல்ல.”

எழுதிக்கொள்வேன். வைத்துவிடமாட்டார். பெருமூச்சு ஒன்று கேட்கும். பிறகு பதிவேட்டில் எழுத இடமில்லாத சங்கதிகள் வரும். கரையில் நேற்று ராஜநாகம் ஒன்று குறுக்கே போனது. குற்றாலத்துக்குக் குளிக்க வந்த கூட்டம் ஒன்று அருவியில் தண்ணீர் இல்லையென்று இங்கே வந்து பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டது. “சீசனுக்கு வாரவனுக தண்ணியில விழுந்து செத்தா நமக்கு என்னத்துக்கு மேடம்?” என்பார். ஆனால் கடைசி ஆள் படியேறிப் போகிறவரைக்கும் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்திருப்பார். உடைந்த கண்ணாடியை எல்லாம் பொறுக்கிச் சாக்கில் கட்டி வைத்திருப்பார்.

ஆள் ஒல்லி. வெளுத்துப்போன காக்கிச் சட்டை, மடித்துக் கட்டிய கைலி, தோளில் துண்டு. இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். மதகுத் திருகைச் சுற்றிச் சுற்றி அப்படி ஆகிவிட்டது என்பார். அச்சன்புதூரில் வீடு. வீட்டம்மாள் பீடி சுற்றுகிறவர். “வீட்டுல ஒரு பல்பு ஃபீஸ் போனா மாத்தமாட்டாரு. அணைக்குன்னா ஓட்டமா ஓடுவாரு” என்று ஒருமுறை அந்த அம்மாள் என்னிடம் சொன்னார். குறையாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை.

அவருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு தூண்டில். அதிலும் விரால் மட்டும்தான். அணையில் வலை போடுகிற உரிமை மீன் குத்தகைக்காரருக்கு. அவர் விடுகிற கட்லாவையும் ரோகுவையும் அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கோரைப் புல்லுக்குள் தவளையைத் தத்தவிட்டு விராலுக்குக் காத்திருப்பார். கிடைத்தால் யாராவது கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவார். அவர் மீன் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

தண்ணீர் புரளுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியவந்தது என் மாமியாரால்தான். அவர்களுக்குக் கர்ப்பப்பையை எடுத்து ஆபரேஷன் ஆகியிருந்தது. புண் ஆறுவதற்கு விரால் மீன் நல்லது என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார்கள். சந்தையில் வாங்கி வந்த விராலைப் பார்த்துவிட்டு, “இது தொட்டியில வளத்தது. அணை விராலா இருந்தா ஒரு வாய் குடிப்பேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஜூன் மாதம் பிறந்து முதல் சாரல் விழுந்திருந்த நேரம். மறுநாள் போனில் கேட்டேன்.

“இப்பப் போயி கேக்கியளே மேடம்” என்றார். “தண்ணி பெரண்டு ரெண்டு நாளாச்சி. பத்து நாளைக்கு எந்த மீனும் எர எடுக்காது.”

“தண்ணி எப்படி அண்ணாச்சி புரளும்?”

அலுப்போடுதான் சொன்னார். கோடை பூராவும் வெயில் அடித்து மேல் தண்ணீர் சூடாகி மேலேயே கிடக்கும். அடித்தண்ணீர் குளிர்ந்து கனத்து அடியிலேயே கிடக்கும். “ரெண்டும் சண்ட போட்ட சம்மந்தக்காரங்க மாதிரி. ஒண்ணு பக்கம் ஒண்ணு போகாது.” மக்கின இலையும் செத்த பாசியும் அடியில் ஊறிக் கிடந்து அந்தத் தண்ணீர் கெட்டுப்போகும். அதில் மூச்சு விட ஒன்றும் இருக்காது. மீனெல்லாம் மேலேயேதான் இருக்கும். ஜூன் பிறந்து செங்கோட்டைக் கணவாய் வழியாகக் குளிர்காற்று இறங்கிச் சாரலும் விழுந்தால் மேல் தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே போகும். அடியில் கிடந்த சீக்குத் தண்ணீர் மேலே ஏறும். அதுதான் புரளுவது.

“வெரால் செத்துப்போகாது. அது மேல வந்து காத்தக் குடிச்சிட்டுப் போயிரும். ஆனா மண்ட கெறங்கிக் கெடக்கும். தவளையக் கொண்டு மூக்குல வச்சாலும் வாயத் தெறக்காது. நா எதுக்குப் போயி உக்காரணும்? நமக்கு என்னத்துக்கு?”

மறுநாள் காலை நீர்மட்டம் சொன்ன பிறகு, “நேத்து சாயங்காலம் உக்காந்தேன். கடிக்கல” என்றார். அதற்கு மறுநாளும் அதையே சொன்னார். ஐந்தாம் நாள் நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாமியாரும் ஆட்டுக்கால் சூப்புக்கு மாறிவிட்டார்கள். ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, வாசலில் ஆள் நிற்கிறார். கையில் ஈரச் சாக்கு. உள்ளே இரண்டு விரால், ஒவ்வொன்றும் முழங்கை நீளம், உயிரோடு நெளிகின்றன. பஸ்ஸில் நாற்றம் என்று ஏற்றமாட்டோம் என்றுவிட்டார்களாம். தென்காசியிலிருந்து நடந்தே வந்திருந்தார்.

“ஓடத் தண்ணி வந்து அணையில விழுத எடம் இருக்குல்லா, அங்கன மட்டும் நல்ல தண்ணி. எல்லா மீனும் அங்கன போயி ஒண்டிக்கிட்டு கெடக்கு. மூணு நாளு கரையில உக்காந்து முட்டாப்பயலா இருந்துருக்கேன். காட்டுப் பக்கமா சுத்திப் போயிருந்தா அன்னைக்கே கெடச்சிருக்கும்.”

அந்த ஓடை விழுகிற இடத்துக்குப் போக வேண்டுமானால் கரையைச் சுற்றி அரை மைல் முள்ளுக்குள் நடக்க வேண்டும். முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் கீறல். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நின்றபடியே காபி குடித்துவிட்டு, “மொளகு கூடப் போடச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். மாமியார் அந்த விராலை மூன்று நாள் வைத்துக் குடித்தார்கள்.

அதற்கு அடுத்த வருஷம் கோடை கடுமையாக இருந்தது. மே கடைசிவரை ஒரு பொட்டு மழை இல்லை, காற்றும் இல்லை. இலை அசையவில்லை. அண்ணாச்சி ஒருநாள் மத்தியானம் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கையில் மூடிய பாட்டில் ஒன்று. கயிற்றில் கல் கட்டி, மதகு மேடையில் நின்று பாட்டிலை அடிவரைக்கும் இறக்கி, அங்கே வைத்து இன்னொரு கயிற்றால் மூடியைப் பிடுங்கி நிரப்பி எடுத்த தண்ணீர். இன்ஜினீயர் மேசையில் வைத்துத் திறந்தார். அழுகின முட்டை நாற்றம் அறை பூராவும் அடித்தது.

“சார், அடி இப்படிக் கெடக்கு. சாரல் எறங்குனா இது மேல வரும். இந்த வருசம் ரொம்ப மோசம். அடி மதக ரெண்டு நாளு தெறந்து வச்சா கெட்ட தண்ணி முக்காவாசி வாய்க்கால்ல போயிரும்.”

எங்கள் இன்ஜினீயர் கெட்டவர் இல்லை. வயிற்றுப்புண்காரர். மேசை இழுப்பில் எப்போதும் ரொட்டித் துண்டு வைத்திருப்பார். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “அண்ணாச்சி, மே மாசத்துல குடிதண்ணிக்குன்னு வச்சிருக்கிற தண்ணியை நான் எப்படித் திறக்க முடியும்? மீனுக்குன்னு எழுதினா மேலே சிரிப்பாங்க” என்றார். அதிலும் தவறில்லை. கீழே மூன்று ஊர்களுக்கு அந்த அணையிலிருந்துதான் குடிநீர் போனது.

அண்ணாச்சி பாட்டிலை மூடிக்கொண்டு, “நமக்கு என்னத்துக்கு சார், சொல்லணும்னு தோணிச்சி” என்று எழுந்தார். நேராகக் குத்தகைக்காரரிடம் போயிருக்கிறார். இப்போதே வலை போட்டு மீனைப் பிடித்துவிடச் சொல்லியிருக்கிறார். மீன் இன்னும் எடை ஏறவில்லை, சீசன் தொடங்கினால் குற்றாலத்து ஓட்டல்காரர்கள் நல்ல விலைக்கு எடுப்பார்கள் என்று குத்தகைக்காரர் கேட்கவில்லை.

நாலாம் நாள் சாரல் இறங்கியது. தென்காசி பூராவும் ஜில்லென்று ஆகி, ஜனங்கள் சந்தோஷமாக வாசலில் வந்து நின்றார்கள். மறுநாள் காலை எட்டரைக்குப் போன் வரவில்லை. ஒன்பது மணிக்கு வந்தது.

“மேடம், பெரண்டுட்டு” என்றார். அதற்கு மேல் நீர்மட்டம்கூடச் சொல்லவில்லை.

இன்ஜினீயரோடு நானும் ஜீப்பில் போனேன். தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. கரை நெடுக வெள்ளை வெள்ளையாக மீன். கட்லாதான் அதிகம். செத்தவை போக, மிச்சம் இருந்தவை மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. அத்தனை வாய் திறந்து மூடுகிற சத்தம் மழைத் தூறல் மாதிரிக் கேட்டது. குத்தகைக்காரர் கரையில் நின்று அண்ணாச்சியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

“நாலு நாளைக்கு முன்னாலயே மீன் சாகும்னு சொன்னீரே வே! ஒமக்கு எப்படித் தெரிஞ்சிது? என்னத்தக் கலந்தீரு?”

அண்ணாச்சி தண்ணீருக்குள் இடுப்பளவில் நின்று செத்த மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். அது அவர் வேலையே இல்லை. நாலு நாள் அள்ளினார். குத்தகைக்காரரின் ஆட்களே நாற்றம் தாங்காமல் இரண்டாம் நாள் நின்றுவிட்டார்கள். குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவி மூடியது வரைக்கும் அவர்தான். நடுவில் போலீஸ் ஸ்டேஷனுக்கு நாலு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். விஷம் கலந்ததாகக் குத்தகைக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பி, விஷம் இல்லை என்று பதில் வர மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அண்ணாச்சி எட்டரைக்குப் போன் செய்தார். நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம், மழை. வேறு ஒன்றும் பேசவில்லை.

பதில் வந்த அன்று நான்தான் முதலில் சொன்னேன். “அண்ணாச்சி, விஷம் இல்லைன்னு வந்துட்டு.”

“அது எனக்குத் தெரியும்லா மேடம்” என்றார். குரலில் நிம்மதி ஒன்றும் இல்லை.

அடுத்த கோடையும் அப்படியே வந்தது. மே கடைசி வாரத்தில் ஒரு நாள், போனில் அவர் சொன்னதை எழுதிக்கொண்டே வந்தவள் கையை நிறுத்திவிட்டேன்.

“நீர்மட்டம் பத்தொம்பது அடி எட்டு அங்குலம். வரத்து இல்ல. வெளியேத்தம் உண்டு. அடி மதகு ஒரு திருகு.”

“யார் உத்தரவு அண்ணாச்சி?”

“உத்தரவு இல்ல.”

“அண்ணாச்சி, அத எழுத வேண்டாம். வெயிலுக்கு வத்தினதுன்னு போட்டுருதேன். ரெண்டு நாள்ல மூடிருங்க. ஒருத்தருக்கும் தெரியாது.”

“உள்ளத எழுதுங்க. பொய்யெழுதி நாளைக்கு ஒங்களுக்கு ஏதும் ஆச்சின்னா? நமக்கு என்னத்துக்கு அது?”

எழுதினேன். என் கையெழுத்தில்தான் இருக்கிறது. அன்று சாயங்காலமே வாய்க்கால் ஓர ஊரிலிருந்து புகாரும் வந்துவிட்டது. கோடையில் காய்ந்து கிடந்த வாய்க்காலில் கறுப்பாக, நாற்றம் பிடித்த தண்ணீர் வருகிறது, துணி துவைக்க முடியவில்லை, அணையில் என்னத்தையோ திறந்து விடுகிறார்கள் என்று. மறுநாள் இன்ஜினீயர் ஜீப்பில் போய் மதகை மூடச் செய்தார். அதற்குள் இரண்டு நாளில் பாதி அடிக்கு மேல் தண்ணீர் போயிருந்தது.

குறிப்பாணையை நான் தட்டச்சு செய்தேன். அனுமதியின்றி மதகைத் திறந்து குடிநீர் இருப்பை வீணடித்தது, பணியில் ஒழுங்கீனம், ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும். தட்டச்சு செய்யும்போது ஒரு இடத்தில் ‘வீணடித்த’ என்பதற்கு வேறு சொல் போட முடியுமா என்று யோசித்தேன். போடவில்லை. இன்ஜினீயர் எழுதிக் கொடுத்ததை அப்படியே அடித்தேன்.

அவருக்குக் கோர்வையாக எழுத வராது. விளக்கத்தையும் என்னிடமே எழுதித் தரச் சொல்லி வந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். வீட்டம்மாளும் கூட வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் பீடித் தட்டு இல்லாமல் அந்த அம்மாளுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“மதகு பழுது, தானாத் தெறந்துட்டுன்னு எழுதலாம் அண்ணாச்சி. திருகு தேஞ்சிருக்குன்னு போன வருஷமே நீங்க கடிதம் குடுத்திருக்கீங்க. அது ஃபைல்ல இருக்கு” என்றேன்.

“எழுதுங்க மேடம், அப்படியே எழுதுங்க” என்றார் அந்த அம்மாள்.

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். “திருகு நல்லாத்தான இருக்கு. நாந்தான் எண்ண போட்டு வச்சிருக்கேன். ‘மீன் செத்துரும்னு தெறந்தேன்’. அவ்வளவு எழுதுனாப் போதும்.”

அந்த அம்மாள் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். நான் அண்ணாச்சி சொன்னதை எழுதினேன். ஐந்து வரி வந்தது. கையெழுத்துப் போட்டார்.

விசாரணைக்கு முன்பே சாரல் வந்துவிட்டது. காற்றும் குளிரும் போன வருஷத்தைப் போலத்தான். தண்ணீர் புரண்டது. ஒரு வாரம் மங்கலாகக் கிடந்து தெளிந்தது. ஒரு மீன் சாகவில்லை. சாகாத மீனைப் பார்க்க யார் வருவார்கள்? ஜூலையில் குத்தகைக்காரர் வலை போட்டார். நல்ல மீன்பாடு.

விசாரணை அன்று இன்ஜினீயர் அறையில் நான் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன்.

“மீன் செத்திருக்கும் என்பதற்கு உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கு?” என்று கேட்டார் மேலே இருந்து வந்திருந்த அதிகாரி.

“சாகலையே சார்” என்றார் அண்ணாச்சி.

“அதைத்தான் கேட்கிறேன். சாகலைன்னா, சாகாதுன்னுதானே அர்த்தம்? அப்புறம் எதுக்குத் திறந்தீங்க?”

அண்ணாச்சி வாயைத் திறந்தார். எங்கே தொடங்குவது என்று யோசித்தார் போலிருக்கிறது. பிறகு, “சரி சார்” என்றார். நான் அதையும் எழுதிக்கொண்டேன். ‘பணியாளர் ஒப்புக்கொண்டார்’ என்று.

போன வருஷம் செத்ததும், பாட்டில் தண்ணீரை அவர் கொண்டுவந்து காட்டியதும், அந்த அறையில் அவரைத் தவிர இரண்டு பேருக்குத் தெரியும். இன்ஜினீயர் ரொட்டியை மென்றுகொண்டு ஜன்னலைப் பார்த்தார். நான் காகிதத்தைப் பார்த்தேன்.

நாலு மாதம் தற்காலிகப் பணிநீக்கம். பிறகு ஒரு வருஷ ஊதிய உயர்வு ரத்து. சங்கரன்கோவில் பக்கம் ஒரு குளத்துக்கு மாற்றல். அங்கே வருஷத்தில் எட்டு மாதம் தண்ணீரே கிடையாது. உத்தரவை வாங்க வந்தவர் என் மேசைக்கு முன்னால் நின்று, “அங்கன எனக்கு வேலையே இல்ல மேடம். தூங்கலாம்” என்றார். அது வேடிக்கையாகச் சொன்னதா என்று தெரியாமல் நான் லேசாகச் சிரித்து வைத்தேன்.

அவர் இடத்துக்கு வந்த ஆள் நல்ல ஆள்தான். எட்டரைக்குப் போன் செய்வார். நீர்மட்டம் சொல்வார், வைத்துவிடுவார்.

அதற்கடுத்த மே மாதமும் காற்றில்லாமல் கிடந்தது. ஒருநாள் பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியாகக் குற்றாலத்து மலையைப் பார்த்தேன். உச்சியில் கறுப்பாக மேகம் கட்டியிருந்தது. இன்னும் இரண்டு மூன்று நாளில் இறங்கிவிடும் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. அலுவலகத்துக்கு வந்ததும் ஒரு தாளை எடுத்து வைத்தேன். அடி மதகை இரண்டு நாட்களுக்குத் திறப்பது குறித்து, என்று ஒரு குறிப்பு எழுதி மேலே வைத்தால் போதும். கையெழுத்துப் போடுவதும் போடாததும் இன்ஜினீயர் பாடு. வேறு இன்ஜினீயர் வந்திருந்தார், சின்ன வயசு, கேட்கக்கூடியவர். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது? அந்த விசாரணை அறை ஞாபகம் வந்தது. மகளுக்கு அன்று காய்ச்சல், பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மறுநாள் எழுதலாம் என்று நினைத்தேன். மறுநாள் எழுதவில்லை. அதற்கு மறுநாளும் எழுதவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் சாரல் விழுந்தது. மறுநாள் காலை புது லஸ்கர், “மேடம், மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது, என்ன செய்யணும்?” என்று கேட்டார். வைத்துவிட்டு அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். ஏன் செய்தேன் என்று தெரியவில்லை. திட்டு வாங்க வேண்டும் என்று இருந்தது.

கேட்டுக்கொண்டார்.

“நா அங்கன இல்லையே மேடம். நமக்கு என்னத்துக்கு?” என்றார். வைத்துவிட்டார்.

அறிக்கை தயார் செய்ய வேண்டும் என்று இன்ஜினீயர் அன்று சேதத்தைப் பார்த்து வந்தார். மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கரையில் ஜீப் நின்றபோது மணி ஏழரை இருக்கும். குத்தகைக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கல்லில் உட்கார்ந்திருந்தார். அவர் ஆட்கள் செத்ததை வாரிக்கொண்டிருந்தார்கள். தூரத்தில், காட்டோடை வந்து விழுகிற பக்கத்தில், தண்ணீருக்குள் ஒல்லியாக ஒரு ஆள். இடது தோள் இறங்கியிருந்தது.

“மொத பஸ்ஸுல வந்து எறங்குனாரு” என்றார் குத்தகைக்காரர் என்னைப் பார்த்து. “நா கூப்பிடல. நா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கூப்பிட?”

இன்ஜினீயர் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளச் சொன்னார். நான் குறிப்பேட்டை ஜீப் முகப்பில் வைத்துவிட்டு முள்ளுக்குள் இறங்கி நடந்தேன். சேலை இரண்டு இடத்தில் மாட்டிக் கிழிந்தது.

செத்த மீனை அவர் அள்ளவில்லை. உயிர் மிச்சம் இருக்கிறவற்றை மட்டும் தேர்ந்து, ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டு இழுத்துக்கொண்டு வந்து, நல்ல தண்ணீர் விழுகிற இடத்தில் விட்டுக்கொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

“அண்ணாச்சி, எனக்கு முன்னாலயே தெரியும்” என்றேன். “மலையப் பாத்தேன். ஒரு தாள்ல எழுதி வச்சிருக்கலாம். எழுதல.”

ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் கையிலிருந்த கட்லாவைத் தண்ணீருக்குள் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே, “எழுதிருக்கலாம்” என்றார். கோபமில்லை. அவ்வளவுதான்.

கட்லா பெரிது, ஐந்து கிலோவுக்குக் குறையாது. கையை விட்டால் ஒருபக்கமாகச் சாய்ந்தது. திரும்ப நிமிர்த்தி, ஓடைத் தண்ணீர் வாய்க்குள் போகும்படி முகத்தைத் திருப்பி வைத்தார். மறுபடி சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். தொட்டியில் இன்னும் மூன்று கிடந்தன. ஒன்றைத் தூக்கி அவர் பிடித்திருந்த மாதிரியே பிடித்தேன். கனம், வழவழப்பு. செவுள் என் விரலுக்குக் கீழே ஒரு தரம் திறந்தது, நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. கரையிலிருந்து இன்ஜினீயர் “மேடம், மேடம்” என்று கூப்பிட்டார்.

அவர் கையில் இருந்தது முதலில் வாலை அசைத்தது. கையை மெதுவாக எடுத்தார். அது சாயவில்லை. அங்கேயே நின்று, பிறகு ஓடை வருகிற பக்கமாக மெல்ல நகர்ந்தது. அவர் அது போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. தொட்டிக்குள் குனிந்து அடுத்ததை எடுத்தார்.

“அங்கன கரையில இன்னொரு தொட்டி கெடக்கும் மேடம். கையில உள்ள மீன எங்கிட்ட குடுத்துட்டு, ஓடிப்போயி எடுத்துட்டு வாங்க” என்றார்.

என் கையிலிருந்த மீன் இன்னும் நேராக நிற்கவில்லை. அதை அவர் பக்கம் நீட்டினேன். அதையும் வாங்கி, ஒரு கைக்கு ஒன்றாக இரண்டையும் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரைக்கு ஓடினேன்.